இன்ஜின் வேலை முடிந்தும் ஆயில் ஒழுகுகிறதா?

• இரவில் காருக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள். விழுந்த கறை பழுப்பு, கறுப்பு என்றால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோ கியர் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயிலாக இருக்கலாம்.

• சொட்டும் இடத்தை நம்பாதீர்கள். ஆயில் மேலிருந்து வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். இன்ஜினை டிகிரீசரால் கழுவிக் காயவிட்டு, சிறிது தூரம் ஓட்டியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியும் மிக உயரமான இடமே ஊற்றுக்கண்.

• தெரியவில்லையா? ஆறிய இன்ஜினில் சந்தேகப்படும் இடத்தில் டால்கம் பவுடர் தூவி, சிறிது நேரம் ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். கசிவு கோடாகத் தெரியும். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது.

• டேப்பட் கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர், பிரஷர் சுவிட்ச் ஆகியவற்றை முதலில் பாருங்கள். கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டினாலும், இவை சரியென்று தெரிந்த பிறகே கிராங்க்கின் பின்பக்க சீலைச் சந்தேகிக்கலாம். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

• பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் புது சீலும் தாங்காது.

• ஒழுகுகிறதே என்று சம்ப் போல்ட்டை மேலும் மேலும் இறுக்காதீர்கள். விளிம்பு வளைந்து கசிவு கூடும். கம்பெனி சொன்ன டார்க் அளவே போதும்.

• டிப்ஸ்டிக்கைத் தினமும் பாருங்கள். ஓட்டும்போது ஆயில் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். சைலன்சர் குழாயில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கலாம். வண்டியை எடுக்க வேண்டாம்.