நெல்மணி உதிர்தலும் அதனை ஆளும் ஜீனும்

அறுப்பு நான்கு நாள் தாமதித்தால் ஒரு வயலில் மணி கொட்டிப்போவதும், அடுத்த வயலிலுள்ள வேறொரு ஜாதி காற்றையும் மழையையும் தாங்கி நிற்பதும் விவசாயிகள் அறிந்த விஷயமே. உழவு, வித்து, எரு, கூலி ஆகிய எல்லாச் செலவும் ஆன பின்னர் நேரும் நஷ்டமாதலால் இது மிகவும் வருந்தத்தக்கது. இவ்வித்தியாசத்தின் காரணம் 2006-ஆம் ஆண்டில் பெரிதும் விளங்கிற்று.

மணி உதிரும் விதம்

மணிக்கும் அதன் காம்புக்கும் இடையே மெல்லிய சுவருள்ள சிறு அணுக்களாலான ஓர் அடுக்கு உண்டு. கதிர் முதிருங்கால் இவ்வடுக்கு நெகிழ்ந்து மணியை விடுவிக்கிறது. அவ்வாறு உதிர்ந்த மணியின் அடியைப் பூதக்கண்ணாடியால் நோக்கின், வழவழப்பான தழும்பு தென்படும். அடுக்கு அமையாத ஜாதியிலோ, மணியை இழுத்தால் காம்பு முறிந்தே வரும். அடியும் பிய்ந்து கரடுமுரடாயிருக்கும்.

ஹோமியோபாக்ஸ் ஜீன்கள்

பயிரின் ஒவ்வோர் அணுவிலும் அதன் ஜீன்கள் யாவும் உள. ஆயினும் இலையில் இலைக்குரியனவும், வேரில் வேருக்குரியனவுமே தொழிற்படுகின்றன. மடைத்தலைப்பில் நின்று எவ்வயலுக்கு நீர் விடுவதென்று பார்க்கும் நீர்பாய்ச்சியைப்போல், எந்த ஜீன் எவ்விடத்தில் தொழிற்படவேண்டும் என்று விதிக்கும் தலைமை ஜீன்களும் சில உள. அவற்றுள் ஒரு குடும்பமே ஹோமியோபாக்ஸ் ஜீன்கள். நான்குவித இரசாயன எழுத்துக்களாலாய ஜீனில், ஏறக்குறைய 180 எழுத்துக்கள் கொண்ட ஒரு பகுதி இக்குடும்பத்திற்குப் பொது. அப்பகுதியினின்று உண்டாகும் 60 அமினோ அமிலங்கள் பிற ஜீன்களைப் பற்றி அவற்றை இயக்கவோ தடுக்கவோ செய்கின்றன.

முதலில் பழ ஈயில் காணப்பட்ட இக்குடும்பம், பயிர்களில் முதன்முதலாக 1991-இல் மக்காச்சோளத்தில் கண்டறியப்பட்டது. அந்த ஜீன் தளிர்நுனியில் தொழிற்படின் செடி ஒழுங்காய் வளரும். தவறி இலையில் தொழிற்படின் நரம்போரமாக முடிச்சுக்கள் எழும். ஆகவே ஜீன் இருப்பது மாத்திரம் போதாது. அது தொழிற்படும் இடமே முக்கியம்.

நெல்லில் கண்ட உண்மை

ஜப்பானிய ஆராய்ச்சியாளர் உதிரும் இயல்புள்ள கசலாத் என்னும் ஜாதியையும், உதிராத நிப்பான்பாரே என்னும் ஜாதியையும் ஒட்டுச்சேர்த்து ஆராய்ந்தனர். உதிர்தலில் கண்ட வித்தியாசத்தில் நூற்றுக்கு 68.6 பங்கு, முதலாவது குரோமோசோமிலுள்ள கியூ.எஸ்.எச்.1 என்னும் இடத்தைச் சார்ந்ததென்று கண்டனர். அது ஒரு ஹோமியோபாக்ஸ் ஜீன். நிப்பான்பாரேயில் அந்த ஜீன் பழுதுபடவில்லை. அதற்கு ஏறக்குறைய 12,000 எழுத்துக்களுக்கு அப்பால் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் மணியின் அடியில் மாத்திரம் ஜீன் தொழிற்படவில்லை, அடுக்கும் அமையவில்லை, மணியும் நின்றது.

இம்மாற்றம் ஜப்பானிக வகைகள் சிலவற்றிற்கே உரியது. ஏனைய வகைகளில் மணி நிற்பதற்கு வேறு ஜீன்கள் காரணம்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. முதிர்ந்த கதிரைக் கையில் லேசாகப் பற்றி அழுத்தி, விழும் மணிகளை எண்ணினால் ஜாதிகளை ஒப்பிடலாம்.

2. எளிதில் உதிரும் ஜாதியை முதலில் அறுக்கவேண்டும். கதிர்களில் நூற்றுக்கு எண்பது பழுத்து மஞ்சளானதும் அறுப்பைத் தொடங்குவது நலம்.

3. மணி மிகவும் கெட்டியாய்ப் பிடித்திருப்பதும் குணமன்று. கையால் கதிரடிப்போருக்கு அது வேலையைப் பெருக்கும். அறுப்பு முறைக்கேற்ற ஜாதியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

4. பயிரிடையே முளைக்கும் காட்டுநெல் எளிதில் உதிர்ந்து மறு போகத்திலும் முளைக்கும். மணி முதிருமுன் அதைக் களைந்தெறிதல் அவசியம். பக்கத்து வயல்களும் கூடியே செய்யவேண்டிய இவ்வேலையில் கிராம அதிகாரிகள் முன்னின்று உதவலாம்.

கதிர் பழுத்த வயலில் காலம் பார்த்து அறுப்பவருக்கு ஜாதியின் குணமறிவதும் மகசூலில் ஒரு பங்கே.