காயத்தின் பின் எழுந்து நிற்றல்: அனா மியர்ஸ் தரும் பாடம்

விழுந்து கழுத்திலோ இடுப்பிலோ அடிபட்டால், "இனி அசையாமல் படுத்திருக்கவேணும்" என்று சொல்வது எம்மவரிடையே வழக்கம். சில நாட்களுக்கு ஓய்வு வேண்டியதுதான். ஆனால் அந்த ஓய்வே மாதக்கணக்காக நீண்டு, தசைகள் மெலிந்து, மூட்டுக்கள் இறுகிய நிலையில் வருபவர்களையும் நாம் சிகிச்சை நிலையத்தில் காண்கிறோம். இவ்விடயத்தை விளங்கிக்கொள்ள, நாம் வாழும் அவுஸ்திரேலியாவின் சைக்கிள் வீராங்கனை ஒருவரின் கதை உதவும்.

அனா மியர்ஸ் 1983இல் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பிளாக்வோட்டர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அக்கா கெரியைப் பின்தொடர்ந்து, பதினொரு வயதளவில் சைக்கிள் போட்டிகளில் இறங்கினார். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 500 மீற்றர் தூரத்தை 33.952 விநாடிகளில் ஓடி, உலக சாதனையுடன் தங்கம் வென்றார்.

அந்த விபத்து

ஓடுதளச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. வளைவுகளில் தளம் சுவர்போலச் சரிந்திருக்கும். 2008 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த உலகக்கிண்ணப் போட்டியில், மணிக்குச் சுமார் 65 கிலோமீற்றர் வேகத்தில் அனா விழுந்தார். வலது தோள்மூட்டு விலகியது. கழுத்தின் இரண்டாவது முள்ளெலும்பு வெடித்தது. அந்த வெடிப்பு இன்னும் 2 மில்லிமீற்றர் சென்றிருந்தால் உயிரே போயிருக்கலாம், அல்லது கைகால்கள் செயலிழந்திருக்கலாம்.

இதற்குக் காரணம் என்ன? அந்த எலும்பினூடாக முண்ணாண் செல்கிறது. மூச்சுவிடும் தசையை இயக்கும் நரம்புகள் அதற்குச் சற்றுக் கீழேதான் பிரிகின்றன. அங்கே முண்ணாண் நசுங்கினால் மூச்சே நின்றுவிடும். போர்க்காலத்தில் முள்ளந்தண்டில் காயம்பட்டு எழும்ப முடியாமற் போனவர்களை நேரில் கண்டவர்கள் நாம். ஆகவே அந்த 2 மில்லிமீற்றரின் பெறுமதி எமக்கு நன்கு விளங்கும்.

ஏழு மாதங்கள்

அனாவின் முண்ணாண் தப்பியது. சுமார் பத்து நாட்களில் மீண்டும் சைக்கிளில் அமர்ந்து மிதிக்கத் தொடங்கினார். அதே ஆண்டு ஓகஸ்டில் பீஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப்பதக்கம் வென்றார். அங்கே அவரைத் தோற்கடித்த பிரித்தானிய வீராங்கனை விக்டோரியா பென்டில்டனை, 2012இல் லண்டனில் வென்று தங்கம் பெற்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியக் கொடியை ஏந்திச் சென்று, வெண்கலமும் பெற்று, அவ்வாண்டே ஓய்வுபெற்றார். அவர் வென்ற உலகப் பட்டங்கள் 11.

எல்லோரும் பத்து நாட்களில் எழும்பவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எலும்பு முறிவு ஒவ்வொன்றும் வேறு. எப்போது, எவ்வளவு அசையலாம் என்பதை உங்கள் வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். ஆனால் அவர் அனுமதித்த பின்னரும் பயத்தினால் படுத்திருப்பது மருந்தல்ல. சிறிது சிறிதாக, நாள் தவறாமல் செய்யும் பயிற்சியே உடலை மீட்கிறது.

நாம் நினைவில் வைக்கவேண்டியவை

1. விழுந்தவருக்குக் கழுத்து நொந்தால் தூக்கி இருத்தாதீர்கள், தலையைத் திருப்பாதீர்கள். உடனே 000 இலக்கத்தை அழையுங்கள். மூச்சில்லாவிட்டால் மட்டும் மூச்சுக்கே முதலிடம். தொலைபேசியில் சொல்வதுபோலச் செய்யுங்கள்.

2. அடிபட்ட பின் கைகால் விறைப்பு, பலவீனம், சலம் மலம் கட்டுப்படாமை தோன்றினால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

3. இயன்மருத்துவர் தந்த பயிற்சிகளை, நோ குறைந்துவிட்டது என்று இடையில் நிறுத்தாதீர்கள். நோ கூடினால் அவரிடமே கேளுங்கள்.

4. சைக்கிள் ஓடும்போது தலைக்கவசம் அளவாகவும் இறுக்கமாகவும் இருக்கட்டும். அது தலையைக் காக்கும். கழுத்தைக் காக்க நிதானமே வேண்டும்.

5. பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் விளையாட்டை நிறுத்திவிடும் பெற்றோர் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு, ஆணோ பெண்ணோ, நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்புத் தேவை. எலும்பு உறுதிபெறும் வயதும் அதுவே.

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒலிம்பிக் செல்லப்போவதில்லை. ஆனால் விழுந்தால் எழும்பப் பழகிய உடலும் மனமும் அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் உதவும். அதைப் பழக்குவது பெற்றோராகிய எமது பொறுப்பு.