வாயில் ஒன்று, வழிகள் பல
இழைமணியின் சவ்வுகளில் புரதங்கள் இடம்பெறும் முறை

நகரியின் தறிகளில் நெய்யப்படும் துணியை நாம் அறிவோம். துணி நெய்து முடிந்தவுடன் வேலை முடிந்துவிடுகிறதா? இல்லை. அதை மூட்டையாகக் கட்டி, மேலே விலாசம் எழுதி, உரிய ஊருக்கு அனுப்பவேண்டும். மூட்டை புத்தூர் வழியாக ரேணிகுண்டாச் சந்திப்பை அடைகிறது. அங்கிருந்து ஒரு பாதை திருப்பதிக்கும், ஒரு பாதை கூடூருக்கும், மற்றொன்று கடப்பைக்கும் பிரிகின்றது. விலாசம் இல்லாத மூட்டை எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் யாருக்கும் பயன்படாது.

நம் உடலின் உயிரணுக்களில் இத்தகைய வேலை ஓயாமல் நடைபெறுகிறது என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ? அங்கே துணி என்பது புரதம். தறி என்பது ரைபோசோம். நெய்த புரதம் தன் இடத்தை எவ்வாறு அடைகிறது என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

இழைமணி என்பது யாது?

உயிரணுவுக்குள் மிதக்கும் மிகச் சிறிய உறுப்பு இழைமணி. மைட்டோகாண்ட்ரியா என்பது அதன் மேனாட்டுப் பெயர். நாம் உண்ணும் சோறும் உள்ளிழுக்கும் பிராணவாயுவும் இறுதியில் அங்கேதான் சந்திக்கின்றன. அச்சந்திப்பில் பிறக்கும் ஆற்றல் ஏ.டி.பி. என்னும் பொருளில் சேமிக்கப்படுகிறது. அந்த ஏ.டி.பி.யை 1929-ஆம் ஆண்டில் கண்டறிந்தோருள் ஒருவர், 1895-இல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இழைமணிக்குச் சவ்வுகள் இரண்டு: புறச்சவ்வு ஒன்று, உட்சவ்வு ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி; உட்சவ்வுக்குள்ளே உட்கூழ். ஆக, ஒரு புரதம் சென்று சேரக்கூடிய இடங்கள் நான்கு.

இழைமணிக்குச் சொந்தமாக ஒரு சிறு மரபுப் பொருள் உண்டு. மனித இழைமணியின் மரபுப் பொருள் 16,569 எழுத்துகளைக் கொண்டது என்பது 1981-இல் முழுமையாகப் படித்தறியப்பட்டது. ஆனால் அது ஆக்கித் தரும் புரதங்கள் 13 மட்டுமே. இழைமணிக்கு வேண்டியவையோ ஆயிரத்துக்கும் மேற்பட்டவை! எஞ்சியவை எல்லாம் வெளியே நெய்யப்பட்டு உள்ளே வரவேண்டியவை.

விலாசம் எங்கே எழுதப்பட்டுள்ளது?

புரதத்தின் விலாசம் புரதத்திலேயே எழுதப்பட்டுள்ளது. இவ்வுண்மையை நிலைநாட்டிய குந்தர் புளோபெல் என்னும் அறிஞர் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். இழைமணிக்குச் செல்லும் புரதங்கள் பலவற்றின் முனையில், ஏறத்தாழ 15 முதல் 50 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு முன்துண்டு இருக்கிறது. அது சுருளாக மடியும்போது ஒருபுறம் நேர் மின்னேற்றமும், மறுபுறம் எண்ணெய்த் தன்மையும் கொண்டதாக அமைகிறது. இதுவே விலாசச் சீட்டு.

புறச்சவ்வில் டாம் என்னும் வாயில் உள்ளது. அதிலுள்ள டாம்-20, டாம்-22, டாம்-70 ஆகிய புரதங்கள் சீட்டைப் பார்த்து ஏற்கின்றன. டாம்-40 என்பது நுழைவழி. வழி குறுகியது. ஆதலின் மடிந்த புரதம் நுழைய இயலாது; கட்டவிழ்ந்து நூலாகவே நுழையவேண்டும். பெரும்பாலான புரதங்களுக்கு ரேணிகுண்டா இதுதான். இதற்கு அப்பால் வழிகள் பிரிகின்றன.

நான்கு வழிகள்

முதலாவது, உட்கூழுக்குச் செல்லும் வழி. உட்சவ்வில் டிம்-23 என்னும் வாயில் இருக்கிறது. உட்சவ்வின் உட்புறம் எதிர் மின்னேற்றம் கொண்டது. ஆகவே நேர் மின்னேற்றமுள்ள முன்துண்டு உள்ளே ஈர்க்கப்படுகிறது. பின்னர் ஓர் இழுவைப் பொறி ஏ.டி.பி.யைச் செலவிட்டுப் புரதத்தை முழுவதும் உள்ளே இழுக்கிறது. உள்ளே சேர்ந்ததும் சீட்டு கத்தரிக்கப்படுகிறது.

இரண்டாவது, உட்சவ்விலேயே தங்கும் வழி. இதில் மூன்று கிளைகள் உண்டு. சில புரதங்களில் சீட்டை அடுத்து ‘இங்கே நில்’ என்பது போன்ற ஓர் எண்ணெய்த் துண்டு இருக்கிறது. அது வந்ததும் டிம்-23 தன் பக்கத்தைத் திறந்து புரதத்தைச் சவ்வுக்குள் விடுகிறது. ஏ.டி.பி.யை வெளியே கொண்டுவரும் கடத்தி போன்ற புரதங்களுக்கோ முன்துண்டே இல்லை. விலாசம் உடல் முழுவதும் பரவிக் கிடக்கிறது. அவை டிம்-22 என்னும் வேறு வாயிலால் பொருத்தப்படுகின்றன. இழைமணி தானே நெய்த 13 புரதங்களும் பெரும்பாலும் உள்ளிருந்து ஆக்சா-1 என்னும் புரதத்தின் துணையால் சவ்வேறுகின்றன.

மூன்றாவது, புறச்சவ்வின் வழி. பீப்பாய் வடிவப் புரதங்கள் டாம் வழியே உள்ளே வந்து, பிறகு திரும்பிச் சாம் என்னும் அமைப்பினால் உட்புறமிருந்து புறச்சவ்வில் பொருத்தப்படுகின்றன. நுழைந்தவன் திரும்பிவந்து வாசலிலே உட்காருவதேன்? பாக்டீரியாக்களும் தம் புறச்சவ்வை இவ்வாறே அமைக்கின்றன. இழைமணியின் மூதாதை ஒரு பாக்டீரியா என்பதற்கு இதுவும் ஒரு சான்று. வீடு மாறியும் பழக்கம் மாறவில்லை!

நான்காவது, இடைவெளியில் தங்கும் வழி. மியா-40 என்னும் புரதம், வந்த சிறு புரதத்தில் கந்தகப் பிணைப்புகளை இட்டு மடித்துவிடுகிறது. மடிந்தபின் அது குறுகிய வாயில் வழியே திரும்ப இயலாது.

சுமப்போர் இல்லாவிடில்?

சவ்வுப் புரதங்கள் எண்ணெய்த் தன்மை உடையவை. நல்லெண்ணெய்த் துளிகள் நீரில் ஒன்றுசேர்வது போல, நீர் நிறைந்த இடைவெளியில் இவையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கெடும். அவ்வாறு கெடாமல் அவற்றை ஏந்திச் செல்லும் சிறு டிம் புரதங்கள் உள்ளன. இவை வெறும் கூலியாட்கள்தாமே என்று எண்ணிவிடலாகாது.

1960-இல் நார்வே நாட்டுக் குடும்பம் ஒன்றில் ஒரு நோய் விவரிக்கப்பட்டது. ஆண் பிள்ளைகள் சிறு வயதிலேயே செவித்திறனை இழந்தனர். பின்னர் தசைகள் தம் வயமின்றி முறுக்கிக்கொண்டன, பார்வையும் மங்கியது. காரணமான மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. அம்மரபணு ஆக்கும் புரதம் இழைமணியின் ஒரு சிறு டிம் புரதமே என்பது 1999-இல் தெளிவாயிற்று. சுமந்து செல்லும் ஒரு சிறு புரதம் குறைந்ததால் ஒரு பிள்ளையின் காதில் தாயின் குரல் விழாமற் போயிற்று!

இத்துறையில் நம் நாட்டாரும் உழைத்து வருகின்றனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பட்ரிக் டி சில்வா குழுவினர், உட்கூழ் வழியின் இழுவைப் பொறியில் மாக்மாஸ் என்னும் மனிதப் புரதம் ஆற்றும் பணியை 2010-இல் விளக்கினர். அதற்கு இணையான புரதம் ஈஸ்டிலும் உண்டு. மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டே மனித நோயை அறியும் ஆசானாகவும் விளங்குகிறது.

நண்பர்களே! நெய்தல் ஒரு பாதி, சேர்த்தல் மறுபாதி. தேர்வுக்காக டாம், டிம் என்று பெயர்களை மனப்பாடம் செய்யும்போது அலுப்புத் தோன்றலாம். அப்போது அந்தப் பிள்ளையின் காதை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் தாமாகவே நெஞ்சில் நிற்கும்.