துருவை வெல்லும் அரிய படிகம்

நுழையும்முன்

இரும்பின் வலிமையை உலகம் அறியும்; அதன் பகையான துருவையும் அறியும். கடற்காற்று வீசும் திருவள்ளூர் மாவட்டத்தில் அப்பகை மேலும் வலியது. அதனை எதிர்த்து நிற்பது தலைமுடியினும் மெல்லிய ஒரு படிக உறை. இயற்கையில் அரிதாகக் கிடைக்கும் கனிமம் ஒன்று தொழிற்சாலைத் தொட்டியில் சில நிமிடங்களில் உருவாவதை இப்பாடம் விளக்குகிறது.

கனிமத்தின் இயல்பு

இரும்பு, துத்தநாகம், பாஸ்பேட், நீர் ஆகியன இணைந்தமைந்த கனிமம் பாஸ்போபில்லைட் ஆகும். செருமனியின் பவேரியாப் பகுதியிலுள்ள ஹேகன்டார்ஃப் என்னுமிடத்தில் கிடைத்த இக்கனிமம் 1920ஆம் ஆண்டு அறிவியல் உலகிற்கு அறிமுகமானது. பாஸ்பேட் என்பதனோடு ‘இலை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் சேர்ந்து இதன் பெயராயிற்று. தட்டினால் இலை இலையாகப் பிளவுபடும் தன்மையே அதற்குக் காரணம்.

நிறமற்ற நிலை முதல் நீலப்பச்சை வரை இதன் வண்ணம் வேறுபடும். மோ அளவுகோலில் இதன் கடினத்தன்மை 3 முதல் 3.5 வரை, ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.1. பொலிவியா நாட்டில் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற பொட்டோசி மலையில் இதன் மிகச்சிறந்த படிகங்கள் கிடைத்தன. கண்ணைக் கவரும் அழகுடையதாயினும் எளிதில் நொறுங்குவதால் இதனைப் பட்டை தீட்டுவது கடினம்.

துத்தநாகம், இரும்பு, பாஸ்பேட் ஆகிய மூன்றும் ஓரிடத்தில், உரிய நீர்ச்சூழலில் கூடினாலன்றி இக்கனிமம் தோன்றாது. இயற்கையில் அத்தகைய கூட்டு அமைவது அரிது. எனவே இதுவும் அரிது.

தொட்டியில் விளையும் கனிமம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்கு ஆலைகள் பல இயங்குகின்றன. கிழக்கே வங்கக்கடலும் பழவேற்காடு ஏரியும் உள்ளன. காற்றில் கலந்துள்ள உப்பு, எஃகின்மீது துருப்பிடித்தலை விரைவுபடுத்துகிறது. வண்ணப்பூச்சு மட்டும் போதிய காவலன்று. பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் துரு அதன் அடியில் பரவிப் பூச்சை உரித்துவிடும்.

இதனைத் தடுக்கவே பாஸ்பேட் பூச்சு பயன்படுகிறது. எஃகுத் தகட்டின் எண்ணெய்ப்பசையை நீக்கிக் கழுவிய பின், துத்தநாகமும் பாஸ்பாரிக் அமிலமும் கலந்த கரைசலில் அதனை அமிழ்த்துவர். அமிலம் எஃகைச் சிறிதளவு கரைக்கும். ஹைட்ரஜன் குமிழ்கள் எழும். அதனால் தகட்டையொட்டிய கரைசலின் அமிலத்தன்மை குறையும். உடனே பாஸ்பேட்டுகள் படிகங்களாகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். கரைசலின் துத்தநாகம் மட்டும் சேர்ந்தால் ஹோப்பைட் உருவாகும். எஃகிலிருந்து கரைந்த இரும்பும் உடன் சேர்ந்தால் பாஸ்போபில்லைட் உருவாகும்.

துருப்பிடிக்கும்போது பூச்சின் அடியில் காரத்தன்மை மிகும். அக்காரத்தில் ஹோப்பைட் எளிதில் கரையும். பாஸ்போபில்லைட்டோ எளிதில் கரையாது. ஆகவே, வாகன உடற்பகுதிகளின் உறையில் இதன் விகிதம் மிகுந்திருப்பது நன்மை தரும்.

தெரிந்து தெளிவோம்

தில்லி மெகரௌலியிலுள்ள இரும்புத்தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாகத் துருவால் அழியாமல் நிற்கிறது. பண்டைய உருக்கு முறையால் அதில் தங்கிய பாஸ்பரஸ், தூணின்மேல் இரும்பு பாஸ்பேட் படலம் உருவாகத் துணைபுரிந்தது எனக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார்.

காவலின் மறுபக்கம்

எஃகைக் காக்கும் பாஸ்பேட், நீர்நிலையில் கலந்தால் தீங்காகும். அது பாசிகளுக்கு உரமாகும், பாசிகள் பெருகி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறையும், மீன்கள் மடியும். கரைந்த துத்தநாகமும் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும். ஆரணி ஆறு சென்று சேரும் பழவேற்காடு ஏரியோ மீனவர்களின் வாழ்வாதாரம், பூநாரைகளின் புகலிடம்.

எனவே, கழிவுநீரில் சுண்ணாம்பு சேர்த்துப் பாஸ்பேட்டையும் துத்தநாகத்தையும் சேறாகப் படியவைத்துப் பிரித்தல் வேண்டும். அச்சேற்றை இடர்மிகு கழிவுகளைக் கையாளும் நிலையத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். அத்தகைய நிலையமொன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே உள்ளது. இரும்பைக் காக்கும் அறிவு, ஏரியைக் காக்கும் பொறுப்போடு இணையும்போதே தொழில்வளம் முழுமை பெறும்.

கற்பவை கற்றபின்

1. வண்ணம் பூசிய ஆணி, பூசாத ஆணி, கீறல் விழுந்த ஆணி ஆகியவற்றை உப்புநீரில் இட்டு, ஒரு வாரம் உற்றுநோக்கிக் குறிப்பெழுதுக.
2. ‘தொழில் வளர்ச்சியும் நீர்நிலைப் பாதுகாப்பும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.