தலைநகரின் கழிவும் இல்லத்தின் கடமையும்

நகரங்கள் வளரும்போது அவற்றின் தேவைகளைக் கணக்கிடுவது வழக்கம். எத்தனை வீடுகள் வேண்டும், எவ்வளவு குடிநீரும் மின்சாரமும் வேண்டும், எத்தனை பேருந்துகள் வேண்டும் என்றெல்லாம் திட்டமிடுகிறோம். ஆனால் நகரத்துக்குள் வந்து சேரும் பொருள்கள் பயன் முடிந்தபின் எங்கே போய்ச் சேருகின்றன என்ற வினா நெடுங்காலம் திட்டங்களின் கடைசிப் பக்கத்திலேயே இருந்துவந்தது. சுற்றுச்சூழலுக்கு இசைந்த நகர வாழ்க்கை இந்த வினாவுக்கு விடை காண்பதில்தான் தொடங்குகிறது. தில்லி மாநகரின் அனுபவம் இத்துறையில் ஒரு கசப்பான பாடம். அந்தப் பாடத்தை ஆராய்ந்து, வீட்டு அளவிலும் நிர்வாக அளவிலும் செய்யத்தக்கவை யாவை என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கலின் அளவு

சுமார் இரண்டு கோடி மக்கள் வாழும் தில்லியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 மெட்ரிக் டன் திடக்கழிவு சேருகிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் இது 40 லட்சம் டன் ஆகும். இத்தகைய பேரெண்கள் படிப்போருக்கு மலைப்பைத் தருமேயன்றித் தெளிவைத் தருவதில்லை. ஆகவே இதே கணக்கை வீட்டளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். தலைக்கு நாள்தோறும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்; ஐவர் கொண்ட குடும்பத்துக்குச் சுமார் இரண்டரைக் கிலோ. இந்திய நகரங்களின் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி காய்கறித் தோல், மிஞ்சிய உணவு, தேயிலைச் சக்கை, வாடிய பூ போன்ற மக்கும் பொருளே. அதாவது ஒரு குடும்பம் ஆண்டொன்றுக்கு 400 கிலோவுக்கு மேல் மக்கும் கழிவை வீட்டை விட்டு வெளியேற்றுகிறது. தனித்து இருந்தால் இது எருவாகக்கூடியது. பிற குப்பையோடு கலந்துவிட்டாலோ நகரத்துக்குப் பெருஞ்சுமையாகிறது.

மூன்று மலைகள்

தில்லியின் குப்பை பல ஆண்டுகளாக மூன்று கிடங்குகளில் கொட்டப்பட்டு வந்தது. கிழக்கே காஜிப்பூர்க் கிடங்கு 1984ஆம் ஆண்டிலும், வடக்கே பல்ஸ்வாக் கிடங்கு 1994ஆம் ஆண்டிலும், தெற்கே ஓக்லாக் கிடங்கு 1996ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. இவை முறையே 2002, 2006, 2010ஆம் ஆண்டுகளிலேயே நிரம்பிவிட்டன. மாற்றிடம் கிடைக்காமையால் அதன் பின்னரும் அங்கேயே குப்பை கொட்டப்பட்டது. 20 மீட்டர் உயரமே அனுமதிக்கப்பட்ட காஜிப்பூர்க் குவியல் 60 மீட்டரையும் கடந்து எழுந்தது. குதுப்மினாரின் உயரம் சுமார் 73 மீட்டர் என்பதை நினைவில் கொண்டால் அக்குவியலின் தோற்றம் விளங்கும்.

2017 செப்டம்பர் 1 அன்று காஜிப்பூர்க் குவியலின் ஒரு பகுதி சரிந்து, அருகிலிருந்த சாலையில் சென்ற வாகனங்களைக் கால்வாய்க்குள் தள்ளியது. இருவர் உயிரிழந்தனர். 2022 மார்ச்சில் காஜிப்பூரிலும், ஏப்ரலில் பல்ஸ்வாவிலும் பெருந்தீ மூண்டது. பல்ஸ்வாத் தீயை முற்றிலும் அணைக்கப் பல நாட்கள் ஆயின. 2024 ஏப்ரலில் காஜிப்பூர் மீண்டும் எரிந்தது. அப்புகையைச் சுவாசிப்போர் குவியலின் அடிவாரத்தில் குடியிருக்கும் ஏழை மக்களும், அதன்மீது ஏறிப் பொறுக்கிப் பிழைக்கும் தொழிலாளரும் ஆவர். குப்பையைப் பெருமளவில் உண்டாக்குவோர் ஒரு பகுதியிலும், அதன் தீங்கை ஏற்போர் வேறொரு பகுதியிலும் வாழ்வது நகர நீதிக்குப் பொருந்தாத நிலை ஆகும்.

கலப்பதால் விளையும் கேடு

குவியல் தானாகத் தீப்பற்றுவது ஏன்? மக்கும் பொருள் காற்றோட்டமுள்ள இடத்தில் சிதைந்தால் கரியமில வாயுவும் நீரும் வெப்பமும் தோன்றி, எரு மிஞ்சுகிறது. அதே பொருள் பிளாஸ்டிக் பைகளுக்குள் கட்டப்பட்டு, பல மீட்டர் ஆழத்தில் காற்றின்றி அமிழ்ந்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. மீத்தேன் எளிதில் தீப்பற்றக்கூடியது. நூறாண்டுக் கணக்கில் நோக்கினால், சம எடையுள்ள கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கவல்லது. கோடை வெயிலில் குவியலின் வெடிப்புகள் வழியே இவ்வாயு வெளிப்படும்போது சிறு பொறியே போதுமானது.

மழைக்காலத்தில் கேடு வேறு உருவம் கொள்கிறது. குவியலின் ஊடே இறங்கும் நீர், அழுகிய பொருளின் சாற்றையும் மின்கலம், வண்ணப்பூச்சு முதலியவற்றின் நச்சையும் கரைத்துக்கொண்டு கருநிறக் கசிவுநீராக வெளியேறுகிறது. மேற்கூறிய மூன்று கிடங்குகளும் அடித்தளக் காப்பு அமைக்கப்படாமல் தொடங்கப்பட்டவை. ஆகையால் அக்கசிவு மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் செல்வதைத் தடுக்க வழியில்லை.

மற்றோர் இழப்பும் உண்டு. நனையாத காகிதத்துக்கும் அட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் விலை உண்டு. தில்லியின் தெருக்களில் ‘கபாடி’ வியாபாரி பழைய செய்தித்தாளை எடை போட்டு வாங்கிச் செல்வதை யாவரும் அறிவர். அதே காகிதம் மிஞ்சிய சாம்பாரில் ஊறிவிட்டால் வாங்குவாரில்லை. ஈரக் கழிவும் அவ்வாறே. அதில் கண்ணாடித் துண்டும் மருந்துப் பட்டையும் கலந்துவிட்டால் எருவாக்கத் தகுதியற்றதாகிறது. இரண்டு மூலப்பொருள்கள் ஒரே வாளியில் சேர்வதால் ஒரு குப்பையாகின்றன எனலாம்.

எரித்தால் தீருமா?

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் தில்லியில் ஓக்லா, காஜிப்பூர், நரேலா–பவானா, தேகண்ட் ஆகிய இடங்களில் நிறுவப்பட்டுள்ளன. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேகண்ட் ஆலை நாளொன்றுக்கு 2,000 டன் எரித்து 25 மெகாவாட் மின்சாரம் தரும் திறன் கொண்டது. இவ்வாலைகளால் கிடங்குகளின் சுமை ஓரளவு குறைவது உண்மையே. எனினும் இவற்றின் எல்லையை உணர்தல் வேண்டும். ஒரு கிலோ நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க மட்டுமே சுமார் 540 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது. ஈரம் மிகுந்த குப்பையை எரிக்கும்போது கிடைக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி அதன் ஈரத்தை உலர்த்துவதிலேயே கழிகிறது. எரிதல் சீராக நிகழாவிடில் புகையில் நச்சுப் பொருள்களும் மிகும். எரிந்தபின் மிஞ்சும் சாம்பலுக்கும் இடம் வேண்டும். எனவே எரிக்கும் ஆலை நன்கு இயங்க வேண்டுமானாலும், ஈரமும் உலர்ந்ததும் முன்னரே பிரிந்திருத்தல் இன்றியமையாதது.

பழைய குவியல்களை அகழ்ந்து, சலித்து, மண்ணையும் பிளாஸ்டிக்கையும் கல்லையும் தனித்தனியே பிரித்தெடுக்கும் பணிக்கும் இதே விதி பொருந்தும். 2019ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இப்பணியை விரைவுபடுத்த உத்தரவிட்டபோது மூன்று கிடங்குகளிலும் சேர்ந்திருந்த பழங்குப்பை ஏறத்தாழ 280 லட்சம் டன். ஒரு புறம் அகழ்வு நடந்த ஆண்டுகளிலேயே மறுபுறம் புதுக் குப்பையும் வந்து விழுந்தது. ஊற்றை அடைக்காமல் குளத்தை இறைப்பது போன்ற முயற்சி இது.

சட்டம் வகுத்த வழி

திடக்கழிவு பற்றி 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கின் பயனாக, 2000ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் பிறந்தன. அவற்றுக்குப் பதிலாக 2016 ஏப்ரலில் விரிவான புதிய விதிகள் வெளியிடப்பட்டன. கழிவைத் தோன்றும் இடத்திலேயே ஈரக் கழிவு, உலர் கழிவு, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிப்பதை அவ்விதிகள் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாக்கின. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் நிறுவனங்களுக்குத் தனிப் பொறுப்பு விதிக்கப்பட்டது. குப்பை பொறுக்குவோரின் பணியை ஏற்று, அவர்களைச் சேகரிப்பு அமைப்பில் இணைக்குமாறும் பணிக்கப்பட்டது. பிரித்தலே அடிப்படை என்ற கொள்கை இவ்வாறு சட்டத்தில் நிலைபெற்றது. அது நடைமுறையில் வேரூன்றுவதே எஞ்சியுள்ள பணி.

இல்லத்தில் செய்யத்தக்கவை

முதலாவதாக, வீட்டில் இரண்டு வாளிகளும் ஒரு பெட்டியும் வேண்டும். ஒரு வாளி மக்கும் குப்பைக்கு. மற்றது கழுவி உலர்த்திய பிளாஸ்டிக், காகிதம், உலோகம் ஆகியவற்றுக்கு. பழுதான மின்கலம், குழல் விளக்கு, காலாவதியான மருந்து போன்றவை பெட்டியில் சேர வேண்டும். குழந்தைகளின் டயாபர், மாதவிடாய் அணையாடை ஆகியவற்றைக் காகிதத்தில் தனியே பொதிந்து, அடையாளமிட்டுக் கொடுக்க வேண்டும். வெறுங்கையால் தரம் பிரிக்கும் தொழிலாளிக்கு நாம் காட்டும் குறைந்தபட்ச மரியாதை இது.

இரண்டாவதாக, இயன்றோர் மக்கும் குப்பையை வீட்டிலேயே எருவாக்கலாம். பக்கங்களில் துளையிட்ட மண்பானை அல்லது மூடியுள்ள வாளி போதும். அடியில் உலர்ந்த சருகைப் பரப்பி, அதன்மேல் அன்றைய சமையலறைக் கழிவை இட்டு, மீண்டும் சருகால் மூட வேண்டும். நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் காற்று உட்புகும். பிழிந்த துணியைப் போன்ற ஈரமே அளவு. துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள்; சருகைக் கூட்ட வேண்டும். சிதைவு நின்றுபோனால் உலர்ந்துவிட்டது என்று பொருள். சிறிது நீர் தெளிக்க வேண்டும். தில்லியின் மே, ஜூன் மாத வறள் காற்றில் நீர் அடிக்கடி தேவைப்படும். குளிர்காலத்தில் சிதைவு மெதுவாகும். இரண்டு அல்லது மூன்று மாதங்களில் மண்வாசனையுள்ள கரிய எரு கிடைக்கும்.

இதற்கு வேண்டிய சருகுக்குத் தலைநகரில் பஞ்சமில்லை. மாசி, பங்குனி மாதங்களில் வேம்பும் அரசும் உதிர்க்கும் இலைகளால் சாலைகள் நிறைகின்றன. இவற்றைக் குவித்து எரிக்கும் பழக்கம் காற்றை மேலும் மாசுபடுத்துவதால், திறந்த வெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. எரித்தால் புகையாகும் அதே சருகு, சமையலறைக் கழிவோடு சேர்ந்தால் எருவாகிறது. குடியிருப்போர் சங்கங்கள் பூங்காவின் ஒரு மூலையில் கம்பிவலைக் கூண்டு அமைத்து இதனைக் கூட்டாகச் செய்யலாம். தெற்குத் தில்லியின் நவஜீவன் விஹாரில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கழிவைப் பிரித்து, ஈரக் கழிவைக் குடியிருப்புக்குள்ளேயே எருவாக்கும் முறையைக் கைக்கொண்டு வழிகாட்டியுள்ளன.

மூன்றாவதாக, குப்பை வீட்டுக்குள் வருவதையே குறைக்க வேண்டும். கடைக்குத் துணிப்பை கொண்டு செல்லுதல், தேவைக்கேற்பச் சமைத்தல், பழுதானதைச் செப்பனிட்டுப் பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் நம் முன்னோருக்குச் சிக்கனமாகத் தோன்றியவை. இன்று அவையே சுற்றுச்சூழல் கடமைகளாகின்றன.

நிர்வாகத்தின் பங்கு

வீட்டில் பிரித்துக் கொடுத்த குப்பையை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் மக்களின் நம்பிக்கை ஒரே வாரத்தில் கரைந்துவிடும். எனவே சேகரிக்கும் வண்டியில் தனித்தனி அறைகள் இருத்தல் முதல் தேவை. இரண்டாவது, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கும் முறை. கிடங்கில் கொட்டும் எடைக்கு மட்டும் தொகை வழங்கினால், கனமான ஈரக் குப்பையை அங்கு கொண்டு சேர்ப்பதே அவருக்கு ஆதாயம். பிரித்து ஒப்படைத்த அளவுக்கும், எருவாக்கிய அளவுக்கும் தொகை வழங்குவது முறை. மூன்றாவது, பொறுக்கும் தொழிலாளருக்கு அடையாள அட்டை, கையுறை, நிழலுள்ள தரம் பிரிக்கும் கூடம் ஆகியன அளித்தல்.

இவை நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று கூறுவதற்கில்லை. கேரளத்தின் ஆலப்புழையில் 2012ஆம் ஆண்டில், சர்வோதயபுரம் கிடங்கைச் சுற்றியிருந்த மக்கள் குப்பை வண்டிகளை மறித்தனர். கொட்ட இடமின்றி நின்ற நகராட்சி, வீடுதோறும் குழாய் எருக்கலன்களையும் சாண எரிவாயுக் கலன்களை ஒத்த சிறு உயிர்வாயுக் கலன்களையும் பரப்பியது. 2017ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு இந்நகரைப் பாராட்டியது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் வீட்டு வாசலிலேயே பிரித்துப் பெறும் முறை நிலைபெற்றதன் பயனாக, நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவிலிருந்து வாகன எரிவாயு எடுக்கும் ஆலை 2022 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஒன்று சிறு நகரம், வீட்டளவில் தீர்வு கண்டது. மற்றது பெருநகரம், ஆலையளவில் தீர்வு கண்டது. இரண்டுக்கும் பொதுவானது வாசலில் நிகழ்ந்த பிரித்தலே.

முடிவாக

தொழில்நுட்பம், நிதி, சட்டம் ஆகிய மூன்றும் இத்துறையில் தேவையே. ஆயினும் ஒருமுறை கலந்துவிட்டதைப் பிரிக்க ஆகும் செலவையும் உழைப்பையும் நோக்கினால், கலக்காமல் இருப்பதற்கு ஆகும் செலவு அற்பமானது. இல்லத்துக்கு இரண்டாவது வாளி ஒன்றே. அதிகாரிகள் வண்டியைச் சீர்செய்யட்டும் என்று குடும்பங்களும், குடும்பங்கள் பழகட்டும் என்று அதிகாரிகளும் காத்திருந்த ஆண்டுகளில்தான் காஜிப்பூர் உயர்ந்தது. இனி இரு தரப்பும் ஒரே காலத்தில் தொடங்குதல் வேண்டும். மாணவர்கள் தம் வீட்டுக் குப்பையை ஒரு வாரம் எடை போட்டுக் குறித்து, அதில் பாதியை எவ்வாறு வீட்டு வாசலைத் தாண்டாமல் நிறுத்தலாம் என்று கணக்கிட்டுப் பார்ப்பார்களாக. அக்கணக்கு செயலாகும் ஒவ்வொரு வீடும் அடிவாரத்தில் வாழ்வோரின் மூச்சுக்காற்றைச் சிறிதேனும் தூய்மையாக்கும்.