பள்ளி வாசலில் வேகம் குறைய: ஊரகச் சாலைகளுக்கான வழிகளும் நிதியும்

பள்ளிக்கு முன்னால் செல்லும் சாலையில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று ஓர் ஊர் முடிவெடுக்கும்போது, எந்த அமைப்பு சிறந்தது என்று கேட்பதற்கு முன் அந்தச் சாலை யாருடையது என்று கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலைகளும் மாவட்ட முக்கியச் சாலைகளும் மாவட்ட இதரச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளன. சிற்றூர்களை இணைக்கும் சாலைகள் ஊராட்சி ஒன்றியத்தையோ ஊராட்சியையோ சேர்ந்தவை. பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அனுமதிக்கப்படும் அமைப்பும், அதற்கான பணம் வரும் வழியும் அமைகின்றன.

அடைய வேண்டிய வேகத்தில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நடப்போரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது. வேகம் இரு மடங்காகும்போது மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதே இதற்கு அடிப்படை.

ஊர் மக்கள் முதலில் கேட்பது வேகத்தடையைத்தான். ஆனால் பல ஊர்களில் காணப்படும் குறுகிய, செங்குத்தான தார்மேடு வேகத்தடை என்ற பெயருக்கே உரியதன்று. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, வட்ட வடிவ வேகத்தடை சாலையின் நீளவாக்கில் 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்ச்சியின்றிக் கடக்க முடியும். குறுகிய மேடு இரவில் இருசக்கர வண்டியைக் கவிழ்க்கிறது, 108 ஆம்புலன்ஸில் இருப்பவரை வதைக்கிறது. முறையான தடைக்கும் முன்கூட்டிய எச்சரிக்கைப் பலகையும், அழியாமல் பேணப்படும் வண்ணப் பட்டையும் வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் வேகத்தடை அமைப்பதில்லை என்பதே நடுவண் அரசின் நிலைப்பாடு என்பதால், அங்கு அதைக் கேட்டு மனுக் கொடுப்பது காலவிரயம்.

பள்ளி வாசலுக்கு நேராகச் சாலையையே மேடையாக உயர்த்தி, அதன் தட்டையான மேற்பரப்பில் பிள்ளைகள் கடக்கும்படி செய்வது உயர்த்தப்பட்ட நடைகடப்பு எனப்படும். செலவு கூடுதல்தான், இருபுறமும் மழைநீர் வடிய வழிவிடாவிட்டால் அடுத்த மழையிலேயே குட்டை உருவாகும். எனினும் வேகத்தைக் குறைப்பது, கடக்கும் இடத்தைக் காட்டுவது ஆகிய இரு வேலைகளையும் ஒருசேரச் செய்வதால், ஊராட்சிச் சாலைகளுக்கும் மாவட்ட இதரச் சாலைகளுக்கும் இதுவே முதல் தேர்வாக இருக்கத் தக்கது.

பேருந்தும் லாரியும் ஓயாது செல்லும் மாநில நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. அங்கே தொடர் அதிர்வுப் பட்டைகள், அதாவது சாலையின் குறுக்கே தெர்மோபிளாஸ்டிக் வண்ணத்தால் சற்றே தடித்து இடப்படும் கோடுகள், ஓட்டுநரை விழிக்கச் செய்யும். ஆனால் அன்றாடம் அவ்வழியே செல்பவருக்கு அவை விரைவில் பழகிவிடும், அருகில் குடியிருப்போருக்கு இரைச்சல் மிஞ்சும். எனவே பட்டைகளோடு சூரிய ஒளியில் இயங்கும் மினுக்கு விளக்கும் பள்ளி எச்சரிக்கைப் பலகையும் சேர வேண்டும். சாலையை இருபுறமும் குறுக்குவது நல்ல உத்தியே என்றாலும், நெல் அறுவடை இயந்திரம் செல்லும் சாலையில் அதற்கு இடமிருப்பது அரிது. நகைக்கடை விளம்பரத்தோடு வந்து நிற்கும் பேரிகார்டு ஊராட்சிக்குச் செலவு வைப்பதில்லை. ஒளிபிரதிபலிப்பான் இல்லையெனில் இரவில் அதுவே ஆபத்து. பள்ளியின் வாசலைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்ற முடியுமானால், மேற்கண்ட எதையும்விட அது மலிவு.

நிதியைப் பொறுத்தவரை, ஊராட்சிச் சாலைக்கு 15ஆவது நிதிக்குழு மானியம் ஒரு வழியாக இருந்தது. ஆனால் 2021 முதல் 2026 வரையிலான அம்மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுண்டது, மீதமுள்ள 40 விழுக்காட்டிலேயே இத்தகைய பணிகளுக்கு இடமிருந்தது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்றாலும், அது நிலைத்த சொத்துகளை உருவாக்கவே உரியது. நடைகடப்பு கட்ட உதவும் அந்நிதியை மங்கிய வண்ணத்தைப் புதுப்பிக்க நம்பியிருக்க முடியாது. நெடுஞ்சாலைத் துறைச் சாலையெனில், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவின் முன் கோரிக்கையை வைப்பது பயன் தரும். இவை எல்லாவற்றையும்விடச் சிக்கனமான வழி, சாலை மறுபடி தார் போடப்படும்போது அதன் மதிப்பீட்டிலேயே நடைகடப்பைச் சேர்க்கச் செய்வது. அவ்வாறு சேர்க்காவிட்டால், புதிய தார் அடுக்கு ஏறி, பழைய வேகத்தடையின் உயரமும் குறைந்துவிடும்.

பொறியாளர் தரமற்ற மேட்டை மறுத்தால் அதைப் பிடிவாதமென்று கொள்ளலாகாது: 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198அ பிரிவு, வடிவமைப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது.

எந்த வழியாயினும் கிராமசபைத் தீர்மானம் கோரிக்கைக்கு வலுச் சேர்க்கும். ஆண்டுக்கு 6 முறை கூடும் சபையில் ஜனவரி 26 கூட்டமே இதற்கு ஏற்றது. அன்று நிறைவேறும் தீர்மானத்துக்கு மதிப்பீடும் ஒப்புதலும் பெற்று, பள்ளி மூடியிருக்கும் மே மாதத்தில் பணியை முடிக்க அவகாசம் உண்டு.