ப்ரமாணமும் நம்பிக்கையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாப்பாரப்பட்டியில் அடியேனுடைய இல்லத்தில் சனிக்கிழமை மாலைகளில் உறவினர் சிலர் கூடித் திருவாய்மொழி சேவிப்பது வழக்கம். அண்மையில் ஒருநாள் சேவித்து முடித்தபின், கல்லூரியில் பயிலும் தம்பி மகன், "பெரியப்பா, பெருமாள் இருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். "உன் பெரியம்மா நோயுற்றபோது வேண்டிக்கொண்டேன், பிழைத்தாள். வேறென்ன சான்று வேண்டும்?" என்றேன். "வேண்டியும் பிழைக்காதவர்கள் உண்டே" என்றான். அடியேனுக்கு மறுமொழி தோன்றவில்லை.

அன்றிரவு, வங்கியில் நகைக்கடன் பிரிவில் பணியாற்றிய காலத்து நிகழ்வொன்று நினைவுக்கு வந்தது. நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் கொணர்ந்த சங்கிலியை உரைகல்லில் உரைத்துப் பார்க்காமல், முகத்தை நம்பிக் கடன் வழங்கிவிட்டேன். பின்னர் தணிக்கைக்கு வந்தவர் சோதித்தார்; நல்ல தங்கமே. நிம்மதியடைந்த அடியேனிடம் அவர் கேட்டார்: "நகை சரிதான். அது சரியான நகை என்று அன்றைக்கு உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

அடியேன் நம்பியது உண்மையாக அமைந்தது. ஆயினும் அது அறிவன்று. பனியைப் புகையென்று மயங்கி, மலையில் நெருப்பு உண்டு என்று ஒருவன் ஊகிக்கிறான். தற்செயலாக அங்கே நெருப்பும் எரிகிறது. அவன் நெருப்பை அறிந்தவனா? இத்தகைய வினாக்களை 12-ஆம் நூற்றாண்டிலேயே அத்வைதியான ஸ்ரீஹர்ஷர் எழுப்பினார். மேனாட்டில் எட்மண்ட் கெட்டியர், தக்க காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கையும் சில வேளைகளில் அறிவாகாது என்று 1963-இல் மூன்றே பக்கங்களில் எழுதினார்.

நம் ஸம்ப்ரதாயத்தில் ப்ரமாணங்கள் மூன்று: ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம். பொருளை உள்ளபடி காட்டி, அதற்கேற்ற வ்யவஹாரத்திற்கும் பொருந்தும் அறிவே ப்ரமை என்கிறது யதீந்த்ரமததீபிகை. ஒவ்வொரு ப்ரமாணத்திற்கும் எல்லை உண்டு. பொன்னின் தரத்தை உரைகல் காட்டும். கையொப்பத்தின் உண்மையை அது காட்டாது.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில், சாஸ்த்ரயோநித்வ அதிகரணத்தில், இந்த எல்லையையே வரையறுக்கிறார். குடத்திற்குக் குயவன்போல உலகிற்கும் ஒரு கர்த்தா உண்டு என்று அநுமானத்தால் ஈச்வரனை நிலைநாட்ட முயல்வர் நையாயிகர். பெரிய மாளிகைகளைப் பலர் பல காலங்களில் கட்டுகின்றனர். நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லோரும் உடலுடையவர்கள். ஆகவே அவ்வநுமானத்தால் நம் எம்பெருமான் கிடைக்கமாட்டான். அவனை அறிவிப்பது சாஸ்த்ரமே. திருவாய்மொழியின் முதற்பதிகத்து ஏழாம் பாசுரத்தில் ஆழ்வாரும் அவனைச் சுருதியில் உள்ளவனாகவே காட்டுகிறார்.

"சப்தத்தை மட்டும் சோதிக்காமல் ஏற்கலாமோ?" என்று கேட்கக்கூடும். அறிவு தானாகவே ப்ரமாணமாக நிற்கும். அதைத் தள்ளுவதற்கு, பிறந்த வழியில் தோஷம் இருக்கவேண்டும், அல்லது அதைப் பொய்ப்பிக்கும் வேறு அறிவு தோன்றவேண்டும் என்பர் நம் பெரியோர். ஒவ்வொரு சான்றுக்கும் இன்னொரு சான்று கேட்டால் எந்தக் கணக்கும் முடியாது. வேதம் அபௌருஷேயமாகையால் சொல்பவருடைய மறதியோ வஞ்சனையோ அதைத் தீண்டாது. புலனுக்கு எட்டாததைச் சொல்வதால் புலனறிவு அதைப் பொய்ப்பிக்கவும் இயலாது. வேதத்தை ஒப்பாதவர் இதனால் உடனே இசைவர் என்று அடியேன் சொல்லவில்லை. நம் விச்வாஸம் எதன்மேல் நிற்கிறது என்பதை நாமாவது தெளிந்திருக்கவேண்டும்.

வேண்டுதலின் பலனை ஆதாரமாகக் கொண்டால், பலிக்காத நாளில் விச்வாஸம் சரியும். க்ருஹிணி பிழைத்தது க்ருபை. அதற்கு நன்றியோடு இருப்பதே முறை. அதைச் சான்றாக்கியது, உரைக்காத சங்கிலியை ஏற்றது போன்ற பிழை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளையிடம், "அன்று சொன்ன விடை தவறு" என்று ஒப்புக்கொண்டு, இவற்றைக் கூறினேன். "அப்படியானால் சாஸ்த்ரம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளவேண்டுமே, பெரியப்பா" என்றான். முதல் பாசுரத்திலிருந்து வ்யாக்யானத்தோடு வாசிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்